காற்றைக் கொஞ்சம் குறைத்துப் போடச் சொல்லு

1

இந்த நாட்டில் எதையும் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க மாட்டார்கள். கொடுத்ததால் என்ன ஆயிற்று என்று பிறகு ஒரு படிவம் அனுப்புவார்கள். ராட்டர்டாமுக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் ஊரின் நகராட்சி, என் மகள் ஜோவிட்டா கல்லூரிப் படிப்புக்காகச் செய்த வேலை ஒன்றுக்குப் போன வருடம் சிறிய உதவித்தொகை கொடுத்தது. இப்போது படிவம் வந்திருக்கிறது. அதில் இரண்டு பெரிய கட்டங்கள். அரசாங்கம் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கும் தகவலை நீங்கள் எடுத்துப் பயன்படுத்தியதால் ஏற்பட்ட பொருளாதாரத் தாக்கம் என்ன என்பது ஒரு கட்டம். சமூகத் தாக்கம் என்ன என்பது இன்னொன்று.

“அம்மா, மாமாகிட்ட கேட்டுச் சொல்லு,” என்று ஜோவி என்னிடம் நீட்டினாள்.

மாமா என்றால் என் அண்ணன் மிக்கேல். பெரியதாழையில் வள்ளம் வைத்து மீன் பிடிக்கிறான். சரி, ஒரு போன்தானே என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது. கேட்காமல் இருந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்றும் தோன்றுகிறது. இரண்டில் எது என்று எனக்கு நிஜமாகவே பிடிபடவில்லை. ஊரில் இருக்கிற உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2

ஜோவி என்ன செய்தாள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாளைக்குக் கடலில் காற்று எவ்வளவு, அலை எவ்வளவு என்று நம் நாட்டு அரசாங்கம் தினமும் கணக்குப் போட்டு இணையத்தில் வெளியிடுகிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். காசு கிடையாது, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஆனால் அது இருக்கிற கோலத்தில் அண்ணன் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? பக்கம் பக்கமாக எண்கள்தான் இருக்கும். ஜோவி அந்த எண்களை எடுத்து, ஆலந்தலையில் தொடங்கி பெரியதாழை வரைக்கும் ஊர் ஊராகப் பிரித்து, தன் குரலிலேயே தமிழில் சொல்லும்படி செய்தாள். வார்த்தைகளைத் தனித்தனியாகப் பேசிப் பதிவு செய்து வைத்திருக்கிறாள். அன்றன்றைய எண்ணுக்குத் தக்கபடி கணினி அவற்றைக் கோத்துக் கொடுக்கும். தினமும் சாயங்காலம் அது ஊர்க்காரர்களின் வாட்ஸப் குழுவுக்குப் போகும்.

சில நாள் வார்த்தைகளை இடம் மாற்றிக் கோத்துவிடும். அதனால் அனுப்புவதற்கு முன் தமிழ் தெரிந்த ஒரு காது கேட்க வேண்டும் என்றாள். அந்தக் காது என்னுடையது. நான் வேலை பார்ப்பது பூக்களைப் பெட்டியில் அடுக்கி ஏற்றுமதிக்கு அனுப்பும் ஒரு பெரிய கூடத்தில். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் ரோஜா வாளிகளுக்கு நடுவே உட்கார்ந்து மகள் குரலைக் கேட்டுவிட்டு, சரியாக இருந்தால் குழுவுக்குத் தட்டிவிடுவேன். அங்கே அப்போது சாயங்காலம்.

‘தென்மேற்குத் திசைக் காற்று’ என்று பாடப்புத்தகம் வாசிப்பது போலச் சொல்லிக்கொண்டிருந்தவளை ‘கச்சான்’ என்று சொல்ல வைத்தது நான்தான். இங்கே பிறந்து வளர்ந்தவள். டச்சுக்காரர்கள் வாயில் ‘ஜோ’ வராது, பள்ளியில் எல்லோரும் அவளை ‘யோ’ என்றுதான் கூப்பிடுவார்கள், அவளும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பாள். ரகரம் தொண்டையிலிருந்து வரும், ழகரம் வரவே வராது. பெரியதாழை என்ற பெயரை அவள் உச்சரிப்பதைக் கேட்டுச் சிரிப்பதற்கென்றே ஆரம்பத்தில் நிறையப் பேர் குழுவில் சேர்ந்தார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை, உள்ளூர சந்தோஷம்தான். ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலிக்குக் கூட வராத பெண்ணின் குரல் தினமும் என் ஊர் வீடுகளில் கேட்கிறதே என்று.

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதற்கென்று ஓர் ஆளைக் கரையில் உட்கார வைத்திருந்தார்களாம். கடல்கட்டி என்று அவருக்குப் பெயர். அவர் வந்து உட்கார்ந்தால்தான் குளியாட்கள் தண்ணீரில் இறங்குவார்களாம். நம்ம ஊருக்கு மறுபடி ஒரு கடல்கட்டி கிடைத்துவிட்டாள், அதுவும் ஹாலந்தில் என்று அண்ணன் கேலி செய்வான். கேலிதான், ஆனால் பெருமையும் இருந்தது.

3

இங்கே இருப்பவர்கள் சைக்கிளை எடுப்பதற்கு முன் போனில் மழை வரைபடத்தைப் பார்ப்பார்கள். அதுவும் அரசாங்கம் திறந்து வைத்த தகவல்தான், யாரோ எடுத்து அழகுபடுத்தியிருக்கிறார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் மழை என்று அது சொன்னால் பெய்யும். சில நாள் பெய்யாது. பெய்யாவிட்டால் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். வந்த புதிதில் எனக்கு அது பெரிய ஆச்சரியம். ஒரு சொல் தவறினால் யார் மேலும் கோபப்படாமல் இருக்க முடியுமா?

இதே மாதிரிதான் நம் ஊரிலும் இருக்கும் என்று ஜோவி நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவளுக்கு ஊர் தெரியாது, சரி. எனக்குத் தெரியுமே.

4

படிவத்துக்காக அண்ணனைக் கூப்பிட்டேன். ஜோவியின் தகவலால் ஊரில் என்ன மாறியிருக்கிறது என்று கேட்டேன். “ஐஸ் மாறியிருக்கு,” என்றான்.

எனக்குப் புரியவில்லை. பிறகு விளக்கினான். அவன் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜோவி குரலை வள்ளக்காரர்கள் கேட்டார்கள். அப்புறம் அவர்கள் வீட்டுப் பெண்கள் கேட்டார்கள். அப்புறம் ஏலம் எடுக்கிறவர்கள், கேரளாவுக்கு மீன் ஏற்றும் லாரிக்காரர்கள், கடைசியாக ஐஸ் கம்பெனி அண்ணாச்சி. இவர் கடலோரத்து ஆளே இல்லை, உள்நாட்டுக்காரர். முன்பெல்லாம் சாயங்காலம் கரைக்கு ஆள் அனுப்பி, நாளைக்கு எத்தனை வள்ளம் போகும் என்று விசாரித்துவிட்டுத்தான் ஐஸ் போடுவார். இப்போது ஆள் அனுப்புவதில்லை. ஜோவி குரலைக் கேட்கிறார். கச்சான் பலம் என்று அவள் சொன்னால் ஐஸ் கிடையாது. லாரியும் வராது.

கணக்குப் போடுகிறவர்கள் கடலைப் பெரிய பெரிய கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள் என்று ஜோவி எனக்கு ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். ஒரு கட்டத்துக்கு ஒரே காற்று. கட்டத்துக்குள் ஒரு மூலையில் கடல் அமைதியாகக் கிடக்கலாம். போன மாதம் அப்படித்தான் ஆகியிருக்கிறது. குரல் பலம் என்றது, விடியற்காலையில் கடல் தூங்கிக்கொண்டிருந்தது. இவர்கள் போய் வள்ளம் நிறையக் கணவாய் மீன் கொண்டு வந்தார்கள். கரையில் ஐஸும் இல்லை, லாரியும் இல்லை. வெயில் ஏற ஏற அத்தனையும் சிவந்து நாறிவிட்டது. பாதியைக் கருவாட்டுக்குப் போட்டார்கள், பாதியைக் குழி தோண்டிப் புதைத்தார்கள்.

ஐஸ் இல்லாமல் கடலுக்குப் போவது வள்ளத்துக்கு ஊற்றும் எண்ணெய்க்குக் கேடு என்பதால், அதன் பிறகு ஐஸ் வராத நாளில் வள்ளம் இறங்குவதில்லையாம். கடல் நன்றாக இருந்தாலும் சரிதான். கச்சான் காலம் முழுக்க இதே கதை.

நான் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதோ இழுத்தேன். அவன் அதைக் காதில் வாங்கவில்லை.

“ஏளா சகாயம், உன் மககிட்ட ஒண்ணு சொல்லு. பெரியதாழைக்கு மட்டும் காத்தைக் கொஞ்சம் கொறைச்சுப் போடச் சொல்லு.”

நான் சிரித்துவிட்டேன். அவள் என்ன காற்றை மூட்டை கட்டி வைத்திருக்கிறாளா என்று கேட்டேன்.

“எனக்குத் தெரியாதா? கடலை அவளால மாத்த முடியாது. ஐஸை மாத்தலாம்லா,” என்றான்.

சிரிப்பு நின்றுவிட்டது. அவன் முட்டாள்தனமாகப் பேசவில்லை, அதுதான் சங்கடம். அதை நம்பி யாராவது கடலில் மாட்டிக்கொண்டால் என்று கேட்டேன். வள்ளத்தில் போகிறவன் எவனும் போனைக் கேட்டுவிட்டுப் போவதில்லை, காலையில் கடலைப் பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறான், கேட்பவன் ஐஸ்காரன் மட்டும்தான் என்று அடித்துச் சொன்னான். ஊர்ப் பிள்ளைகள் பிழைக்க வேண்டாமா என்றும் கேட்டான். அண்ணன் என்னிடம் அதிகமாக எதுவும் கேட்டதில்லை. அப்பா இறந்தபோது எனக்கு விசா சிக்கல், வர முடியவில்லை. அப்போதும் ஒரு வார்த்தை குறை சொல்லாதவன். அவன் கேட்டு நான் முடியாது என்று சொல்வது எப்படி?

ஜோவியிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்று வைத்துவிட்டேன். அதுவே தப்பு என்று பிறகுதான் தெரிந்தது. பார்க்கிறேன் என்றால் நம் ஊரில் சரி என்றுதானே அர்த்தம்.

5

அடுத்த நாளே பிரின்சி கூப்பிட்டாள். அண்ணன் மகள். அண்ணனுக்கு ஆண்பிள்ளை கிடையாது. பிரின்சியின் வீட்டுக்காரர் சேவியர் தூத்துக்குடி டவுன்காரர், துறைமுகத்தில் கண்டெய்னர் யார்டில் வேலை பார்த்தவர். அந்த வேலை போனதும் மாமனார் வள்ளத்தில் ஏறிவிட்டார். இன்னும் முழுசாகக் கடல் பிடிபடவில்லை. பிரின்சிக்கு இது நிறைமாதம்.

குசினியில் நின்று பேசுகிறாள் என்று பாத்திரச் சத்தத்தில் தெரிந்தது. குரலைத் தாழ்த்திப் பேசினாள். அப்பா கேட்டது தனக்குத் தெரியும் என்றாள். தினமும் சாயங்காலம் ஜோவி குரல் வந்ததும் தான் சேவியரை உட்கார வைத்துக் கேட்க வைப்பதாகவும், பலம் என்று சொன்னால் மறுநாள் அவரை விடுவதில்லை என்றும் சொன்னாள். எவனும் கேட்பதில்லை என்று அண்ணன் அடித்துச் சொன்னானே, அவன் வீட்டுக்குள்ளேயே ஓர் ஆள் கேட்டுக்கொண்டிருக்கிறது.

கவலைப்படாதே, குறைக்கச் சொல்ல மாட்டேன் என்றேன்.

“அது இல்ல அத்தை,” என்றாள். “புள்ள பொறக்குற வரைக்கும் கொஞ்சம் கூட்டிச் சொல்லச் சொல்லுங்களேன்.”

போனைக் காதில் வைத்தபடியே வாளிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரே வீடு. முன்னறையில் இருப்பவன் காற்றைக் குறைக்கச் சொல்கிறான். குசினியில் இருப்பவள் கூட்டச் சொல்கிறாள். இரண்டு பேருக்கும் நான் வேண்டியவள். இரண்டு பேருமே சொல்வதில் எனக்கு நியாயம் தெரிந்தது.

6

ஜோவியிடம் இரண்டையும் சொன்னேன். மாமா கேட்டதை முதலில் சொன்னபோது விளையாட்டு என்று நினைத்தாள். பிரின்சி கேட்டதைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. எதையும் மாற்ற மாட்டேன் என்றாள். அது தன்னுடைய எண் இல்லை, அரசாங்கம் எல்லோருக்கும் சேர்த்து வைத்த எண், ஒருவருக்காகத் தொட்டால் மற்றவர்களுக்கு அது பொய் என்றாள். டச்சில் சொன்னாள். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் போய்விடும்.

அவள் சொன்னது சரி. எனக்குத்தான் எரிச்சல் வந்தது. மாமா வீட்டில் கணவாயைக் குழி தோண்டிப் புதைத்தார்கள், அது உன் கட்டத்தில் எங்கே வரும் என்று கத்திவிட்டேன். அவளுக்கு அழுகை வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, அப்படியானால் எல்லாவற்றையும் நிறுத்திவிடவா என்று கேட்டாள். நிறுத்தினால் பிரின்சி எதைக் காட்டி அவரை வீட்டில் நிறுத்துவாள்? அதையும் வேண்டாம் என்றேன். என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். அவளிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

கட்டத்துக்குள்ளே கரையோரம் மட்டும் மாறுபடலாம், காலையில் கடலைப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்று ஒரு வரியைக் கூடுதலாகப் பதிவு செய்தாள். படிவத்தை அவளாகவே நிரப்பி அனுப்பிவிட்டாள். என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் இழுவைப் படகு வேலை முடிந்து வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, இரண்டு பேருக்கும் முடியாது என்று நேராகச் சொல்லிவிடு என்றார். அண்ணன் எனக்குத்தானே, அவருக்கு இல்லையே. நான் சொல்லவில்லை. தள்ளிப் போட்டேன்.

7

அந்த வாரத்திலேயே கச்சான் அடங்கியது. எண்கள் தாமாகவே குறைந்தன. ‘பெரியதாழை, காற்று குறைவு’ என்று ஜோவியின் குரல் சொன்னது. ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டேன். இணையத்தில் இருக்கும் எண்ணையும் அவளிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டேன். அனுப்பினேன்.

மறுநாள் ஐஸ் வந்தது, லாரி வந்தது, மீனும் நன்றாகப் பட்டிருக்கிறது. அண்ணன் கூப்பிட்டான். குரலில் அப்படி ஒரு குழைவு. சொன்னதைச் செய்துவிட்டாயே, மருமகள்கிட்டயும் மாமா சந்தோஷப்பட்டேன் என்று சொல்லு என்றான்.

நாங்கள் எதையும் மாற்றவில்லை, காற்று நிஜமாகவே குறைந்துவிட்டது என்றேன்.

“சரி சரி. நான் வெளிய ஒருத்தன்கிட்டயும் சொல்ல மாட்டேன்,” என்றான்.

சத்தியமாக என்றேன். அந்தோணியார் மேல் ஆணையாக என்றேன். சத்தியம் செய்யச் செய்ய அவனுக்கு நம்பிக்கை கூடிக்கொண்டே போனது, நான் குறைத்துவிட்டேன் என்பதில். இவ்வளவு பயப்படாதே என்று எனக்கே ஆறுதல் சொன்னான்.

அன்று சாயங்காலம் பிரின்சியின் குரல் செய்தி ஒன்று வந்திருந்தது. சேவியர் கடலுக்குப் போய்விட்டு வந்துவிட்டார், நன்றாகத்தான் இருக்கிறார். ஆனாலும், “அத்தை, கடைசியில அப்பாவுக்காகக் கொறைச்சிட்டீங்கல்லா,” என்று மட்டும் சொல்லியிருந்தாள். நான் பதில் பேசி அனுப்பினேன். கேட்டதற்கான நீல அடையாளம் வந்தது. பதில் வரவில்லை.

உண்மையைத்தான் அனுப்பினோம். அது இரண்டு காதிலும் போய்ப் பொய்யாக விழுந்திருக்கிறது. யாரும் எங்களிடம் எதையும் கேட்காமல் இருந்திருந்தால் அதே எண் அங்கே உண்மையாக இருந்திருக்கும். இதை எந்தப் படிவத்தில் எழுதுவது என்று ஜோவி கேட்டாள். அவளுக்கும் இப்போதுதான் ஊர் கொஞ்சம் தெரிய ஆரம்பித்திருந்தது.

8

அதற்கடுத்த வாரம் எண்கள் ஏறின. வழக்கமாக ஏறுகிற ஏற்றம் இல்லை. ஜோவி வகுப்பிலிருந்தே கூப்பிட்டு, அம்மா, இது பெரிசு என்றாள். செய்தியைக் குழுவுக்கு அனுப்பிய கையோடு அண்ணனைக் கூப்பிட்டேன். நாளைக்குப் போகாதே என்றேன்.

“ஐஸ்காரனுக்குச் சொல்லுததை எனக்கும் சொல்லுதியா?” என்று சிரித்தான். போன வாரம் குறைத்தீர்கள், இந்த வாரம் எதற்கு ஏற்றினீர்கள் என்று கேட்டான்.

எதையும் குறைக்கவும் இல்லை, ஏற்றவும் இல்லை என்று எப்படிப் புரியவைப்பது? எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. பிரின்சி கேட்டதைச் சொன்னேன். அவள் என்னிடம் குசினியில் ஒளிந்து நின்று கேட்டது. உன் மகள் கூட்டச் சொன்னாள், அவளுக்காகவும் நாங்கள் கூட்டவில்லை, உனக்காகவும் குறைக்கவில்லை, யார் கேட்டும் செய்யவில்லை என்று புரிந்துகொள் அண்ணே என்று கெஞ்சினேன்.



“ஓ. அப்ப இது பிரின்சிக்காகப் போட்டதா,” என்றான்.

நான் என்ன செய்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. வாயைத் திறக்கும் முன் வைத்துவிட்டான். திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மதினியைக் கூப்பிட்டேன். அவர் போகிறேன் என்றுதான் சொல்கிறார், மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகிறாராம் என்றாள். பிரின்சி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறாளாம்.

மறுநாள் காலை நான் எப்படி வேலைக்குப் போனேன் என்று எனக்கு நினைவில்லை. அங்கே அதற்குள் வெயில் ஏறியிருக்கும். ரோஜாக் கட்டுகளைப் பெட்டி மாற்றி அடுக்கி மேற்பார்வையாளரிடம் திட்டு வாங்கினேன். சாப்பாட்டு இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் போன் அடித்தது. அண்ணன்தான்.

“போகல,” என்றான்.

எங்கே இருக்கிறாய், மாப்பிள்ளை எங்கே என்று கேட்டேன். எல்லோரும் கரையில்தான் என்றான். அவன் பேச்சுக்கு மேலே காற்று இரைந்துகொண்டிருந்தது. ஐஸ் கம்பெனி அண்ணாச்சி சாயங்காலமே ஜோவி குரலைக் கேட்டுவிட்டு ஐஸ் போடவில்லையாம். விடியற்காலையில் கடல் அமைதியாகத்தான் கிடந்திருக்கிறது. இவர்கள் வள்ளத்தை இறக்கத் தயாராக நின்று, கடலைப் பார்த்தாவது அண்ணாச்சி மனசு மாறுவார், ஐஸ் வரும் வரும் என்று பார்த்திருக்கிறார்கள். வரவே இல்லை. அண்ணாச்சியைத் திட்டிக்கொண்டே வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் கச்சான் எழும்பியிருக்கிறது. இப்போது ஊரே கூடி வள்ளங்களைத் தெரு வரைக்கும் இழுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறதாம். கடல் அவ்வளவு மேலே வந்துவிட்டதாம்.



“ஏளா சகாயம். அப்ப நீ நெசத்தைத்தான் சொன்னியா?”

ஆமாம் என்று சொல்வதற்குள் அழுதுவிட்டேன். நாங்கள் கறுப்பா சிவப்பா என்று கூடத் தெரியாத ஐஸ் அண்ணாச்சி நம்பியிருக்கிறார். கூடப் பிறந்தவன் நம்பவில்லை. அண்ணன் பிழைத்துக் கிடக்கிறான் என்று அழுதேனா, அவன் அப்படிக் கேட்டுவிட்டான் என்று அழுதேனா என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. பக்கத்தில் பெட்டி கட்டிக்கொண்டிருந்த போலந்துக்காரப் பெண் பயந்துபோய் என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

ஊரில் காற்று என்று சொன்னேன்.